'பொலீத்திகோ' உறவுக்கு என்ன சொல்? 'சம்பந்தவழி' என்பது என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் ஸ்பானிய-தமிழ் உறவுச்சொல் பட்டியலில் 'பொலீத்திகோ' என்பதற்கு எதிரே 'அரசியல்' என்று இருக்கிறது. அதை முதலில் எடுத்துவிடுவோம். உறவுப் பெயரோடு சேர்ந்து வரும்போது அந்தச் சொல் கல்யாணத்தால் வந்த உறவைக் குறிக்கும். 'பாத்ரே பொலீத்திகோ' என்றால் மாமனார். பேச்சில் 'சுவெக்ரோ' என்பார்கள். ஆள் ஒருவர்தான், இரண்டுக்கும் மாமனார் என்றே போட்டுவிடலாம்.

சிக்கல் பன்மையில்தான். ஸ்பெயின் நாளிதழ்களில் வரும் இரங்கல் அறிவிப்பைப் பாருங்கள். மனைவி, பிள்ளைகள், 'இஹோஸ் பொலீத்திகோஸ்', பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார், 'சொப்ரினோஸ்' (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்) என்று வரிசை போகும். மாப்பிள்ளைக்கு 'யெர்னோ', மருமகளுக்கு 'நுவேரா' என்று பிரிக்காமல் இருவரையும் 'இஹோஸ் பொலீத்திகோஸ்' அடக்கிவிடுகிறது. நம்மிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறதே என்று நானும் 'மருமக்கள்' என்று எழுதிவிட்டேன். அப்புறம் 'சொப்ரினோஸ்' வந்ததும் கை நின்றுவிட்டது. இறந்தவர் ஆண். அவருடைய அக்கா தங்கை பிள்ளைகளும் நமக்கு மருமக்கள்தானே! அக்கா மகனுக்கே மகளைக் கொடுக்கும் முறையில் வளர்ந்த சொல் அது. ஸ்பானியத்தில் இந்த இரண்டு உறவும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை.

'பொலீத்திகோ'வுக்கு 'மணவழி' என்று முன்பு ஒருவர் சொன்னது காதுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 'மணவழிப் பிள்ளைகள்' என்று எழுதிப் பாருங்கள், முறைப்படி மணந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் என்றுதான் படும். இரங்கல் அறிவிப்பில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் குடும்பத்துக்கே மனவருத்தம். 'கொண்டான் கொடுத்தான்' எனக்கு மிகவும் பிடித்த வழக்கு, ஆனால் பிள்ளை, தந்தை என்ற சொற்களுக்கு முன்னால் அது ஒட்டவில்லை.

அதனால்தான் 'சம்பந்தவழி' என்கிறேன். சம்பந்தவழிப் பிள்ளைகள், சம்பந்தவழி உடன்பிறந்தார், சம்பந்தவழி உறவு. வடமொழி என்று சிலர் தயங்கலாம். சம்பந்தம் பேசுவது, சம்பந்தம் கலப்பது எல்லாம் ஊர்ப்பேச்சில் இன்றும் புழங்குகிறது. விளக்கம் கேட்காமலே புரியும். மருமகளின் அப்பாவை ஸ்பானியர் 'கொன்சுவெக்ரோ' என்று ஒரே சொல்லில் அழைப்பார்கள். நமக்கு அவர் சம்பந்தி. ஆங்கிலம் வழியாகப் போயிருந்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டிருக்காது.

தனி ஆளுக்கு மாமனார், மருமகன் என்ற பழைய சொற்களே இருக்கட்டும். கூட்டமாக வரும் இடத்தில் மட்டும் சம்பந்தவழி. மறுப்பு இருந்தால் அந்த இரங்கல் வரியையே மொழிபெயர்த்து அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.