‘கிரிப் லூஸ் ஆகிவிட்டது’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ஊறுவிரிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டிஜிட்டல் கேமராவின் ரப்பர் பிடியைச் சரிசெய்யும் வழிகாட்டியை எழுதத் தொடங்கி, ரப்பர் எழும்பிவிடும் பழுதுக்கு என்ன பெயர் வைப்பது என்ற ஒரே ஒரு சொல்லில் ஒரு வாரமாக நிற்கிறோம். நின்றது நல்லதுதான் என்பேன். இந்தச் சொல்லைத் தப்பாக வைத்தால் படிப்பவர் பசையைத் தேடிப் போவார். நானே அப்படிப் போனவன்.

முதலில், ஏறக்குறைய ஒத்துப்போன விஷயத்தை முடித்துவிடுகிறேன். விரல்கள் வளைத்துப் பற்றுவதற்காகக் கேமராவின் உடலில் புடைத்திருக்கும் பகுதி கைப்பிடி. அதன்மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் வேறு பொருள். இரண்டையும் ‘கிரிப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரப்பருக்குப் ‘பிடியுறை’ என்று ஒரு பரிந்துரை வந்தது. உறை என்றால் கழற்றி மாட்டுவது: வாளுறை, தலையணையுறை. இது ஒட்டப்பட்டது, அளவெடுத்து வெட்டி உடலோடு உடலாக வைக்கப்பட்டது. எனவே ‘பிடித்தோல்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய ஃபிலிம் கேமராக்கள் பலவற்றுக்கு உண்மையான தோலையோ தோல்போன்ற துணியையோதான் போர்த்தினார்கள். அதைவிடப் பழைய உறவும் உண்டு. யாழின் பத்தர் எனப்படும் குடப்பகுதியை மூடிய தோலுக்குப் பழந்தமிழில் பச்சை என்றும் போர்வை என்றும் பெயர்கள் இருந்தன. மர உடலுக்குத் தோல் போர்த்துவது நம் மொழிக்குப் பழக்கப்பட்ட வேலை. ‘பிடித்தோம்’ என்பதுபோல் காதில் விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பிடித்தோல் உரிந்துவிட்டது’ என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், அந்த மயக்கம் வராது.

சரி, இப்போது சிக்கலான சொல்.

> ‘பிடித்தளர்ச்சி’ போதுமே. எல்லாரும் லூஸ் ஆகிவிட்டது என்றுதானே சொல்கிறோம்?

இந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, அக்கா. என்னுடைய கேமராவுக்கு வயது பன்னிரண்டு. பின்பக்கம் கட்டைவிரல் பதியும் இடத்தில் பிடித்தோல் கொப்புளம்போல் எழும்பியது. லூஸ் ஆகிவிட்டது, ஒட்டினால் சரியாகிவிடும் என்று நம்பி இருபக்க ஒட்டுநாடாவை வைத்து ஒட்டினேன். மூன்று வாரத்தில் எழும்பியது. இன்னும் வலுவான நாடா வைத்தேன், மறுபடி எழும்பியது. மூன்றாவது முறை தோலை முழுதாக உரித்துத் தாளின்மேல் வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்தேன். அது இருக்கவேண்டிய பள்ளத்தையும் அளந்தேன். தோல் பள்ளத்தைவிட 2 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தது. ஒட்டு விட்டதால் தோல் எழும்பவில்லை. தோல் வளர்ந்துவிட்டது, வளர்ந்ததற்கு இடமில்லாமல் எழும்பியது, எழும்பியதால் ஒட்டு விட்டது. ‘தளர்ச்சி’ என்ற சொல் கடைசியில் நடந்ததை மட்டும் சொல்கிறது. முதலில் நடந்ததை மறைத்துவிடுகிறது.

ஏன் வளர்கிறது? ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே முடிச்சிட்டுக்கொண்ட ஒரு வலை. கையின் எண்ணெய்ப்பசை, வெயில் தடுப்புக் களிம்பு, கொசு விரட்டிக் களிம்பு இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்குகின்றன. முடிச்சுகள் இருப்பதால் வலை கரைவதில்லை. கண்ணிகள் அகலுகின்றன, தோல் பெரிதாகிறது. இது கேமராவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. ரப்பர் போன்ற பலபடிச் சேர்ம (பாலிமர்) வலை ஒன்று திரவத்தை உறிஞ்சி எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஃப்ளோரி, ரெய்னர் என்ற வேதியியலாளர்கள் 1943இலேயே சமன்பாடு தந்துவிட்டார்கள். வண்டியின் பிரேக்கில் அதற்குரிய திரவத்துக்குப் பதில் கனிம எண்ணெயை ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் உப்பிக் கெடுவதும் இதே நிகழ்வுதான். ஆகவே நாம் வைக்கும் சொல் வேதியியல் பாடத்துக்கும் பட்டறைக்கும் சேர்த்து உதவ வேண்டும்.

‘வீக்கம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. உடலிலிருந்து பொருளியலுக்குப் போய்ப் ‘பணவீக்கம்’ என்று வெற்றிபெற்ற சொல் அது. ஆனால் வீக்கம் என்றால் நாளடைவில் வற்றும், வடியும் என்ற எதிர்பார்ப்பு கூடவே வருகிறது. கையின் எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. தோலைக் கழற்றி ஒரு மாதம் சும்மா வைத்தாலும் பழைய அளவுக்கு வராது.

நான் முதலில் எழுதிய ‘ஊறுபெருக்கம்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். பெருக்கம் என்றதும் எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும், மக்கள் பெருக்கம் என்பதுபோல, என்று ஐயா எழுதியது முற்றிலும் சரி. ஆனால் ‘ஊறு’ என்ற முன்பாதியை விட எனக்கு மனமில்லை. கொண்டைக்கடலை ஊறிப் பெரிதாவதைப் பார்த்த எவருக்கும் இந்த நிகழ்வை விளக்கத் தேவையில்லை. அதனால் பின்பாதியை மட்டும் மாற்றி, ஊறுவிரிவு என்று முன்மொழிகிறேன்.

‘வெப்ப விரிவு’ பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் படித்த சொல். சூட்டால் விரிவது வெப்ப விரிவு என்றால், ஊறி விரிவது ஊறுவிரிவு. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, எனவே நடுவில் ஒற்று மிகாது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்தப் பெயரை அவிழ்த்தால் பேச்சு வாக்கியமாகிவிடுகிறது: ‘தோல் ஊறி விரிஞ்சிடுச்சு.’ அப்படி அவிழாத கலைச்சொற்கள் அகராதியிலேயே தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

> ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே?

உண்டு. தொடு உணர்ச்சி என்றும் பொருள் உண்டு: சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம். தொட்டுத் தொட்டே தீங்கு வரும் ஒரு பொருளுக்கு இரண்டு பொருளும் பொருந்தத்தான் செய்கின்றன. ஆனாலும் அந்தப் பொருத்தத்தை வைத்து நான் வாதாடவில்லை. ‘விரிவு’ பக்கத்தில் நின்றதும் ஊறுதல் என்ற பொருள்தான் முதலில் எழும் என்பது என் எண்ணம்.

வழிகாட்டியில் இந்தச் சொல்லோடு ஒரு சோதனையும் வர வேண்டும். எழும்பிய தோலை விரலால் அதன் பள்ளத்துக்குள் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு அலையில்லாமல் பள்ளத்தின் கரையோடு பொருந்தினால் ஒட்டு மட்டும் விட்டிருக்கிறது, புது நாடா போதும். நடுவில் மடிப்பு விழுந்தாலோ விளிம்பு கரைமேல் ஏறினாலோ ஊறுவிரிவு. மேற்பரப்பு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் அது மூன்றாவது சிக்கல். அங்கே ரப்பரோ அதன் பூச்சோ சிதையத் தொடங்கியிருக்கிறது. அதற்குத் தனி இழை திறப்போம்.

ஊறி விரிந்த தோலுக்கு உண்மையான தீர்வு அந்த மாதிரிக்கு உரிய புதுத் தோல்தான். கிடைக்காத பழைய மாதிரி என்றால், கண்ணில் படாத விளிம்பில் கூரான கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். மின்கலத்தை எடுத்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாக உரிக்க வேண்டும். பழைய பசையை விரலால் உருட்டி எடுத்து, மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், அது கேமராவின் பிளாஸ்டிக் உடலைத் தின்றுவிடும். நாடா மெல்லியதாக இருக்கட்டும். தடித்த நாடா வைத்தால் தோல் கரையைவிட உயர்ந்து, ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் விரல் அதன் விளிம்பைத் தள்ளும்.

உடனடிப் பசையைப் பற்றிய எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடக் கேட்டுக்கொள்கிறேன். அது விறைத்துப்போகும், ரப்பரோடு வளையாது, சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும். பல கேமராக்களில் உடலைத் திறக்கும் திருகுகள் இந்தத் தோலுக்கு அடியில்தான் இருக்கின்றன. இன்று அப்படி ஒட்டினால், நாளைக்கு வேறு பழுது வந்து திறக்கும்போது தோல் கிழிந்துதான் வரும்.

இருபுறமும் தடவிக் காயவைத்து ஒட்டும் ரப்பர் பசையைச் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் மெல்லிய பூச்சாக, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான். அதில் டொலுயீன் போன்ற கரைப்பான் இருந்தால் அதுவே தோலுக்குள் இறங்கி விரிக்கும். நான் எழுதி வைத்திருக்கும் வாக்கியம் இது: ‘பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால், சரிசெய்ய வந்த ஊறுவிரிவை நீங்களே உண்டாக்குவீர்கள்.’ ‘தளர்ச்சி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. முடிந்தவர்கள் எழுதிக் காட்டுங்கள், நான் ஊறுவிரிவை விட்டுக்கொடுக்கிறேன்.

அன்புடன்.