பொருள்: மறுவாழ்வு, இயன்மீட்பு, இயலுமை: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

[வேலூர்]
அனைவருக்கும் வணக்கம். பெருமூளை வாதம் (cerebral palsy) உள்ள குழந்தைகளைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்துவிட்டது. தமிழ்ச் சுருக்கத்தைத் திங்கட்கிழமை தர வேண்டும். 'rehabilitation' என்ற எங்கள் துறையின் பெயரைத் தமிழில் எழுதுவதிலேயே சிக்கிக்கொண்டேன். 'மறுவாழ்வு அறிவியல்' என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "குடியை நிறுத்துற இடமா?" என்று கேட்டார். 2021-இல் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாமின் பெயரும் மறுவாழ்வு முகாம் ஆனது.

அதைவிட இது உறுத்துகிறது. கரண்டியின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தோம். ஆறு வயதுப் பிள்ளை முதன்முறையாகத் தானே தயிர்சாதம் அள்ளிச் சாப்பிட்டாள். அவள் எதையும் இழந்து திரும்பப் பெறவில்லையே. அங்கே 'மறு' எதற்கு?

[தஞ்சாவூர்]
அம்மா, பிசியோதெரபிக்கு இயன்முறை மருத்துவம் என்று ஏற்கெனவே வழங்குகிறதே. இயல் + மீட்பு = இயன்மீட்பு. 'மெலி மேவின் னணவும்' என்பது நன்னூல்; மெல்லினம் வந்தால் 'ல்' 'ன்' ஆகும். அப்புறம் 'முனைவர்' என்று எழுதும்போது தொல்காப்பிய மரபியலையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்' அங்கே முதல்நூல் கண்டவன். பட்டத்துக்கு அந்தச் சொல்லை இறக்கியதே எனக்கு வருத்தம்.

[யாழ்ப்பாணம்]
எங்களுக்கு அது கலாநிதிப் பட்டம், ஐயா. சொல்லுக்கு வருவோம். இங்கே 'புனர்வாழ்வு' என்றால் 2009-இல் போர் முடிந்த பிறகு தடுப்பு முகாம்களில் இருந்தவர்களின் நினைவுதான் வரும். பக்கவாத நோயாளி ஒருவரின் மனைவியிடம், "புனர்வாழ்வுக்கு அனுப்புறம்" என்றேன். அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். அன்றோடு அந்தச் சொல்லை வார்டில் விட்டுவிட்டேன். மீட்பும் இழந்தவருக்குத்தான் பொருந்தும். 'இயலுமை' நாங்கள் நாளாந்தம் புழங்கும் சொல். 'இயலுமை வளர்ப்பு' என்று வையுங்கோ, தங்கச்சி.

[சென்னை]
'வாழ்வு' என்ற சொல்லை விடாதீர்கள். மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். அவருக்குக் கால்கள் மீளவில்லை, வாழ்வு மீண்டது. உடலை மட்டும் சரிசெய்வது நம் துறை இல்லை. வாசலில் சாய்தளம் இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். நானும் நாற்காலியில் இருப்பவள்தான், அனுபவித்துச் சொல்கிறேன்.

[வேலூர்]
நன்றி, அக்கா. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, புதிதாகப் பெறுவதற்கும் இழந்ததைப் பெறுவதற்கும் habilitation, rehabilitation என்று இரண்டு சொற்களை அருகருகே வைக்கிறது. நானும் இரண்டாக வைக்கிறேன். துறைக்கு மறுவாழ்வு அறிவியல். குழந்தைகளைப் பற்றிய அத்தியாயத்தில் இயலுமை வளர்ப்பு. இன்றிரவு அனுப்புகிறேன்.

[தஞ்சாவூர்]
அனுப்புங்கள், அம்மா. 'ஆளுமை' நிலைத்தது போல 'இயலுமை'யும் நிலைக்கலாம். துறைப் பெயரில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இயன்மீட்பு என்றே எழுதுவேன்.