தழும்பு மறைந்த பிறகு வந்தது

மாடிப்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு 3 வருடம் ஆகிறது. நெற்றிப் பக்கம் மூளையில் ரத்தக் கசிவு. ஆபரேஷன் தேவைப்படவில்லை, 11 நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். உயிர் பிழைத்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்களுக்கு நானே தைரியம் சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது மாதத்தில்தான் ஆரம்பித்தது. அதற்குள் தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்து தழும்பு மறைந்துவிட்டது.

நான் கணக்கு எழுதுகிறவன். ஒருநாள் ஒரே பக்கத்தை நான்கு முறை கூட்டினேன், நான்கு விடை வந்தது. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எண்ணாகப் பென்சில் முனையால் தொட்டுக் கூட்டினாள். விடையை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நோட்டை என்னிடம் தள்ளினாள். நான் சங்கடப்படக் கூடாதென்று அவள் அவ்வளவு பார்த்துச் செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நோட்டைத் தொடவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். "நல்லாத்தானே இருக்கீங்க, மனசைத் திடமா வெச்சுக்கோங்க" என்றார்கள். என் மனசுதான் சரியில்லை போலும் என்று நானும் நம்பினேன். நரம்பியல் டாக்டர் தலைவலி, தூக்கம், வலிப்பு பற்றிக் கேட்பார். மற்றதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருமுறை கிளம்பும்போது, கதவருகே நின்று என் மனைவிதான் சொன்னாள்: "இவர் பேசியே ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர்."

அவர் அனுப்பிய மனநல மருத்துவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "செய்ய நினைச்சு முடியலையா, இல்லை செய்யணும்னே தோணலையா?" யோசித்துப் பார்த்தேன். முதலில் முடியாமல் இருந்தது, இப்போது தோன்றுவதே இல்லை. அசதியும் மறதியும் அடிபட்டதால் நேரடியாக வருவது, ஆனால் ஆசையே அற்றுப்போவது டிப்ரஷனாக, அதாவது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு என்றார். மனநிலையைச் சமன் செய்யும் நரம்புப் பாதைகள் நெற்றிப் பக்க மூளை வழியாகவும் போகின்றனவாம். தலைக்காயத்தில், மூளையின் அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் பாதிக்கப்படலாம், அதுவும் இதேபோல் சோர்வைத் தரும் என்று ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். சில மனச்சோர்வு மாத்திரைகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்த்துவிட்டு, வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். கூடவே கவுன்சிலிங். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், பழைய அடியாக இருந்தாலும், தலையில் அடிபட்டதைச் சொல்லிவிடுங்கள்.

2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தலைக்காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 559 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 53 சதவீதம் பேருக்கு அந்த வருடத்துக்குள் பெரும் மனச்சோர்வு. அவர்களில் மருந்தோ கவுன்சிலிங்கோ கிடைத்தது 44 சதவீதம் பேருக்குத்தான். என்னைப் போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் இத்தனை பேரா என்று அன்று அழுதேன்.

கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர்:
என் வீட்டில் அழுகையே இல்லை, கோபம்தான். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டால் கத்துவார், அப்புறம் அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுபாவமே மாறிவிட்டது என்று ஒரு வருடம் வீணாக்கிவிட்டேன். எரிச்சலும் மனச்சோர்வின் அடையாளம்தான் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் மறுபடி கணக்கு எழுதுகிறீர்களா?

பைக் விபத்தில் அடிபட்ட ஒருவர்:
எனக்கு ஸ்கேன் நார்மல், அதனால் வீட்டில் நம்பவில்லை. சாதாரண ஸ்கேனில் தெரியாத நரம்பிழைக் காயமும் உண்டு. செத்துவிடலாம் என்று தோன்றிய அன்றே அண்ணனை எழுப்பிச் சொன்னேன். அவர் விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, காலையில் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். யாருக்காவது அப்படித் தோன்றினால் தயவுசெய்து அன்றைக்கே சொல்லிவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

முதலில் எழுதியவர்:
எழுதுகிறேன் அம்மா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், காலையில் மட்டும். கூட்டி முடித்ததும் மகளிடம் நோட்டை நானே நீட்டுகிறேன். தப்பு இருந்தால் இப்போது வாய்விட்டுச் சொல்கிறாள்.