சப்ஊஃபரை எங்க மாட்டறது: டேப் அவுட்டா, ஸ்பீக்கர் டெர்மினலா?

கொருக்குப்பேட்டை ரசிகன்:
அப்பா வாங்குன ஸ்டீரியோ ஆம்ப், 5 இன்ச் ஊஃபர் வெச்ச ரெண்டு 8 ஓம் பாக்ஸ், 10-க்கு 10 ரூம். இப்ப புதுசா பவர் சப் (உள்ளயே தனி ஆம்ப் இருக்குற, பேஸ் மட்டும் அடிக்கிற சப்ஊஃபர்) ஒண்ணு வாங்கினேன். ஆம்ப்ல சப்புக்குன்னு தனி அவுட் இல்ல. தெரிஞ்ச மெக்கானிக் டேப் அவுட்ல மாட்டிக் குடுத்தாரு. வால்யூமைக் குறைச்சாலும் சப் மட்டும் அதே அடி அடிக்குது. நேத்து ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிட்டாங்க. என்ன பண்றது?

பெரம்பூர் லோகோ:
தம்பி, டேப் அவுட் சிக்னல் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாடியே பிரிஞ்சிடும். கேசட்ல பதிவு பண்ண வெச்ச வழி அது. நீங்க வால்யூமைத் திருப்பினா பதிவு மாறக்கூடாதுல்ல? சப்புக்குப் பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் சொருகுற ஹை லெவல் இன்புட் இருக்கா பாருங்க. இருந்தா, பாக்ஸுக்குப் போற அதே டெர்மினல்ல இருந்து இன்னொரு ஜோடி ஒயர் இழுங்க. ரெண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

காசிமேடு கரை:
இந்த யோசனையே வேணாம். நான் 8 ஓம் பாக்ஸோட 4 ஓம் சப்பை இப்படித்தான் சேர்த்தேன். அவுட்புட் ட்ரான்சிஸ்டர் கருகிடுச்சு. ப்ரீ அவுட் (வால்யூமோட சேர்ந்து ஏறி இறங்குற சின்ன சிக்னலை வெளிய குடுக்குற சாக்கெட்) இருக்குற ஆம்ப் வாங்கறதுதான் ஒழுங்கான வழி.

பெரம்பூர் லோகோ:
உங்களுது கரன்ட் ப்ளக் இல்லாத பாசிவ் சப். 8-ம் 4-ம் பேரலல்ல 2.67 ஓம் ஆகும், எந்த ஆம்ப் தாங்கும்? பவர் சப்போட ஹை லெவல் இன்புட் ஆயிரக்கணக்குல ஓம். ஆம்ப்கிட்ட இருந்து வோல்டேஜ் அளவை மட்டும் வாங்கிக்கும். கூம்பைத் தள்ளுறது சப்புக்குள்ள இருக்குற தனி ஆம்ப். ரெல் கம்பெனி சப்ல இந்த இணைப்பைத்தான் முதல்ல சொல்றாங்க.

காசிமேடு கரை:
சரி, அந்தக் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா எல்லா ஆம்புக்கும் பொருந்தும்னு சொல்லாதீங்க. டிபிஏ3116 சிப் போட்ட குட்டி ஆம்ப்ல கறுப்பு முனையிலயும் சிக்னல் ஓடும். நிறைய சப்ல ரெண்டு கறுப்பும் உள்ளயே ஒண்ணா சேர்ந்திருக்கும். மாட்டின உடனே ஷார்ட்.

பெரம்பூர் லோகோ:
இதை நானே முதல்ல சொல்லியிருக்கணும். தம்பி, ஆம்ப் ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பாக்ஸ் ஒயரையும் கழட்டிட்டு, மல்டிமீட்டரை பீப் மோட்ல வெச்சு ஆம்போட இடது கறுப்பு, வலது கறுப்பு ரெண்டையும் தொடுங்க. பீப் வந்தா ரெண்டு கறுப்பும் ஆம்புக்குள்ளயே ஒண்ணுதான்னு அர்த்தம். பீப் வரலைன்னா மாட்டாதீங்க.

வியாசர்பாடி 39:
யாருமே ரூமைப் பத்திப் பேசல. 10 அடி ரூம்ல 56 ஹெர்ட்ஸ் கிட்ட அலை சுவருக்கு சுவர் நிக்கும். சுவர் ஓரத்துல பலமா இருக்கும், நடுவுல காணாமப் போயிடும். நடுவுல உக்காந்துகிட்டு பேஸ் பத்தலன்னு ஏத்துவீங்க, முழு அடியும் சுவருக்குப் போகும். நம்ம ஏரியால ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கிட்டிருக்கும். சப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க.

பெரம்பூர் லோகோ:
அலை உண்மை. அதுக்காகத் திருப்பிக் குடுக்க வேணாம். நீங்க உக்காருற இடத்துல சப்பை வெச்சு, பேஸ் கனமான பாட்டைப் போட்டு, சுவர் ஓரமா தவழ்ந்து கேளுங்க. எங்க சீரா கேக்குதோ அங்கயே சப்பை வைங்க. பொதுச் சுவர் பக்கம் மட்டும் வேணாம். கட் ஆஃபை (சப் எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ மட்டும் அடிக்கணும்னு வைக்கிற திருகு) 70, 80-ல ஆரம்பிங்க. சப்போட அசைவை நேராவும் எதிராவும் மாத்துற ஃபேஸ் சுவிட்சை 0-லயும் 180-லயும் மாத்திப் பாத்து, பேஸ் நிறைஞ்சு கேக்குற பக்கம் விடுங்க.

கொருக்குப்பேட்டை ரசிகன்:
பீப் வந்துச்சு அண்ணே. ஹை லெவல்ல மாட்டிட்டேன். வால்யூம் குறைச்சா சப்பும் அடங்குது. மூலையில இருந்து பீரோ பக்கம் நகத்தினதும் ஒரே நோட்டு மட்டும் முட்டிக்கிட்டு நின்னது போயிடுச்சு.

காசிமேடு கரை:
ஒயர் முனையை அப்பப்போ பாருங்க. கடல் காத்துக்கு செம்பு பச்சை பிடிக்கும். நறுக்கிட்டு புதுசா சீவி மாட்டுங்க.

வியாசர்பாடி 39:
நான் சொன்னதை மாத்திக்கல. ராத்திரி 10 மணிக்கு மேல சப் சுவிட்சையாவது அணைச்சிடுங்க. அந்த அக்காகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க, இப்ப எவ்வளவு கேக்குதுன்னு.