நீளமான சதுரங்க மேட் புதிர்களை எஞ்சினில் போட்டுப் பார்த்த அனுபவம்

ஒன்பது நகர்வில் மேட் என்று நானே ஒரு புதிர் கட்டினேன். மூன்று மாத வேலை. ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினில் நிலையைப் போட்டதும் சில நிமிடங்களில் '#9' என்று காட்டியது. முதல் நகர்வும் நான் வைத்திருந்ததுதான். அப்புறம் என்ன, ஒரு புதிர்ப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. யானையை முதலில் நகர்த்தினாலும் ஒன்பதில் மேட் ஆகிறதாம். முதல் நகர்வு ஒன்றே ஒன்றாக இல்லாவிட்டால் புதிர் செல்லாது. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

ஜெயிக்க நல்ல வழி ஒன்று கிடைத்தால் எஞ்சினுக்குப் போதும். அதே அளவு நல்ல இன்னொரு வழி இருக்கிறதா என்று அதுவாகத் தேடாது. மல்டிபிவி என்ற அமைப்பை 2 அல்லது 3 ஆக்கினால்தான் அடுத்த வழிகளையும் காட்டும். அதை நான் செய்யவில்லை.

காட்டுகிற எண்ணையும் அப்படியே நம்பி எழுதக்கூடாது. '#14' என்றால் பதினான்கில் முடிக்கலாம் என்பது உறுதி, பதின்மூன்றில் முடியாது என்பது உறுதி இல்லை. வேகத்துக்காக எஞ்சின் பல நகர்வுக் கிளைகளைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது. வெட்டும் செக்கும் இல்லாத அமைதியான நகர்வுகளை ஆழம் குறைத்துத்தான் பார்க்கிறது. நீளமான புதிரின் அழகோ பெரும்பாலும் அப்படி ஒரு ராஜா நகர்வில்தான் இருக்கும். இன்னொரு குறுக்குவழி, 'என் முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலை நன்றாகவே இருக்கிறதா?' என்று சோதித்து, ஆம் என்றால் அந்தக் கிளையை மூடிவிடுவது. எதை நகர்த்தினாலும் கெடும், சும்மா இருக்க முடிந்தால் பிழைக்கலாம் என்கிற நிலைகளில் இந்தக் கணக்கு தப்பும். மேட் புதிர்களில் பாதிக்கு அதுதானே உயிர்.

இப்போது பாப்பாய் என்ற இலவச நிரலையும் சேர்த்துக்கொள்கிறேன். புதிர் சரிபார்க்கவென்றே எழுதியது, எதையும் விடாமல் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு நகர்வு கூடும்போதும் நேரம் பல மடங்கு ஏறும். கறுப்பு ராஜா தப்பிக்க எத்தனை கட்டம் வரை விடலாம் என்று வரம்பு வைத்தால் வேகமாக முடியும். வரம்பு வைத்துச் சோதித்ததை முழுச் சோதனை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு நிலையை நீங்களே வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா எஃப்5, பிஷப் சி2, சிப்பாய் ஜி3. கறுப்பு: ராஜா எச்5, குதிரைகள் டி8, ஏ6, பிஷப் பி4, சிப்பாய்கள் எச்6, சி5, சி3, இ3. இப்போது நகர்த்த வேண்டியது கறுப்பு. நெதர்லாந்தின் வான் பிரோய்கெலன் அமைத்த புதிரில் வரும் நிலை இது. 1987-இல் பிரஸ்ஸல்ஸில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் பிளாஸ்கெட் அந்தப் புதிரைப் பெரிய ஆட்டக்காரர்களிடம் காட்டியபோது தீர்த்தவர் முன்னாள் உலக சாம்பியன் தால் ஒருவர்தான். ஒற்றை பிஷப் டி1-இல் மேட் மிரட்டுகிறது. கறுப்பு இ2 என்று தடுத்தால் பிஷப் இ4-க்குப் போய் எஃப்3-இல் மிரட்டும். இ1-க்கு வந்த சிப்பாயை ராணியாக்கினால் அடுத்த நகர்விலேயே மேட். குதிரையாக்கினால்தான் எஃப்3-ஐக் காக்க முடியும். கொஞ்ச நேரத்தில் சி1-இலும் இன்னொரு குதிரை! விடையை எஞ்சின் சொல்லிவிடும். ஏன் குதிரை என்பதைப் பலகையில் கையால் நகர்த்திப் பார்த்தபோதுதான் எனக்குச் சிலிர்த்தது.

*

மேலே எழுதியவர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இரண்டு குதிரைகள் தனி ராஜாவை வலுக்கட்டாயமாக மேட் செய்ய முடியாது, நகர்வில்லாமல் டிரா ஆகிவிடும். எதிரிக்கு ஒரு சிப்பாய் இருந்தால் பல நிலைகளில் முடியும், ஏனென்றால் நகர்த்த அவருக்கு ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. ரஷ்யப் புதிர் அமைப்பாளர் ட்ராய்ட்ஸ்கி இதை விரிவாக ஆராய்ந்தார். மேட் வரை மிக நீண்டது 115 நகர்வு.

இதில் ஒன்றை எஞ்சினில் போட்டேன். காய்கள் குறைவான நிலைகளுக்கு முழு விடையையும் முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸை இணைத்தும் டிரா என்றே காட்டியது. இரண்டு நாள் என் நிலையில்தான் தவறு தேடினேன். சிப்பாயை ஒரு குதிரை மறித்து நிறுத்தியிருப்பதால் ஐம்பது நகர்வு விதியின் (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பது நகர்வு போனால் டிரா) எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் அந்த விதிப்படி டிரா சொல்கிறது. புதிர்களுக்கு, தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த விதி கிடையாது. நான் இணைத்திருந்த சிசிஜி (Syzygy) என்ற டேபிள்பேஸின் அமைப்பில் ஐம்பது நகர்வு என்ற டிக்கை எடுத்ததும் வெற்றி என்று மாறியது. ஆனால் சிசிஜி வைத்திருப்பது அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரையிலான கணக்கு, மேட் வரை எத்தனை என்பது அதில் கிடையாது. அந்த எண் வேண்டுமென்றால் நலிமோவ் போன்ற வேறு டேபிள்பேஸைப் பார்க்க வேண்டும்.