விசா முடிய மூணு வாரம்தான், போதகர் கடிதம் தரமாட்டேங்கிறார். சபை மாறலாமா?

கடுகுவிதை:
ஸ்தோத்திரம். அவசரம். கல்யாணமான கையோட ரெண்டு பேரும் மிஷனெரியா வந்திருக்கோம், சில மாசம்தான் ஆகுது. ஒரு வருஷத்துக்குப் பிரசங்கம் கிடையாதுன்னு இங்க உள்ள போதகர் சொல்லிட்டார். எனக்கு நாற்காலி அடுக்குற வேலை, மனைவிக்கு சிறுவர் வகுப்புல உதவி. நான் இறையியல் முடிச்சவன். விசா நீட்டிக்க அவர் கடிதம் வேணும், கேட்டா "பார்க்கலாம்"ங்கிறார். மனைவி ராத்திரியெல்லாம் அழுறா. பக்கத்துல இன்னொரு சபை கூப்பிடுது. மாறிடலாமா?

மாரநாதா:
தம்பி, முதல்ல யோவான் 13 வாசி. கால் கழுவுறதைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, நீ 8-ம் வசனத்தைப் பாரு. பேதுரு தன் காலைக் கழுவ விடமாட்டேங்கிறான். மிஷனெரிக்கு அந்த இடம்தான் கஷ்டம், மத்தவங்ககிட்ட வாங்கிக்கிறது. வாரத்துல ஒரு உதவியாவது அந்த ஊர் விசுவாசிகள்கிட்ட கேள். அரசாங்கக் கடிதம் வந்தா படிச்சுச் சொல்லச் சொல்லு. குழாய் ஒழுகினா யாரைக் கூப்பிடணும்னு கேளு. சாப்பிடக் கூப்பிட்டா போ, ஆனா மறுநாளே ஈடுகட்ட பரிசோட நிக்காதே. அப்படி நின்னா கடனைத் தீர்த்துட்டேன், இனி உறவு வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

கணக்குப்பிள்ளை:
எந்த நாடு? என்ன வகை விசா? அதுல ஸ்பான்சர்னு யார் பேர் இருக்கு? அனுப்பினது மிஷனெரி சங்கமா, சொந்த சபையா? இது தெரியாம யாரும் பதில் சொல்ல முடியாது.

மொழிமாணவி:
பிரசங்கத்துக்கு ஏன் இந்த அவசரம்? மொழிபெயர்ப்பாளரை வச்சுப் பேசினா சபை கேட்கிறது அவர் பேச்சைத்தான், உங்க பேச்சை இல்ல. அந்த ஒரு வருஷத்தை மொழிக்குக் கொடுங்க. காலையில ஒரு மணி நேரம் ஆசிரியரோட உட்கார்ந்து அஞ்சு வாக்கியம், அதுக்கு மேல வேண்டாம். அதை அவர் குரலிலேயே பதிவு பண்ணி, கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்க. மதியம் வெளியே போய் அதே அஞ்சு வாக்கியத்தை இருபது முப்பது பேர்கிட்டப் பேசுங்க. எங்க தடுக்கினீங்கன்னு சாயங்காலம் எழுதுங்க, நாளைப் பாடம் அதுதான். பெரியவங்க மரியாதைக்காகத் திருத்தமாட்டாங்க, பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே திருத்தும். 1706-ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் பள்ளிப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சாக்கி முடிச்சது 1715-ல. அந்தக் கணக்குல பார்த்தா, சிறுவர் வகுப்புல இருக்கிற உங்க மனைவிக்குத்தான் நல்ல இடம் கிடைச்சிருக்கு.

தெற்குவாசல்:
மொழிமாணவி அக்கா, ஒரு வருஷம் வாயே திறக்கக்கூடாதுங்கிறது எனக்கு ஒப்பாது. அப்படி மௌனமா இருக்கிறவன் கடைசிவரை கூச்சத்துலேயே நின்னுடுவான். மூணு நிமிஷ சாட்சியை எழுதி, போதகர்கிட்டத் திருத்தி வாங்கி, மனப்பாடமா வீட்டுக் கூட்டத்துல சொல்லலாமே. பிழையை அவர் கையாலயே திருத்தக் கொடுக்கிறது பிரசங்க பீடம் கேட்கிறதைவிட நல்ல வழி. அப்புறம் பணம். சபைக்குப் பெரிய காணிக்கை எதுவும் கொடுத்தாச்சா? வாடகைக்குப் பணம் போட்டவர் ஆலோசனையும் சொல்ல ஆரம்பிச்சா, போதகர் கையெழுத்துப் போட யோசிக்கத்தான் செய்வார். காணிக்கை பெட்டியில போகட்டும், பேர் போடாம. தனி ஆளுக்கு உதவணும்னா சபைப் பொருளாளர் மூலமா மட்டும்.

மாரநாதா:
பசியோட வாசல்ல நிக்கிறவனைப் பொருளாளர்கிட்டப் போகச் சொல்லுவீங்களா?

தெற்குவாசல்:
அண்ணா, சாப்பாடு கொடுங்க. நான் சொன்னது ரொக்கத்தை. ஒருத்தருக்குக் கொடுத்தது தெரிஞ்சா மத்த பத்துப் பேர் உங்களை வேற கண்ணால பார்ப்பாங்க.

பழையசெருப்பு:
இதெல்லாம் சரி, அனுப்புற சபைகளை யாரும் கேட்கமாட்டீங்களா? மாசம் பிறந்தா ஜெபக் கடிதம் எங்க, போட்டோ எங்க, எத்தனை ஞானஸ்நானம்? நாற்காலி அடுக்கினேன்னு எழுதினா அடுத்த மாசம் அனுப்புற பணம் குறையுது. அதுக்குப் பயந்துதான் பிள்ளைங்க வந்து இறங்கின உடனே மைக் தேடுது.

தெற்குவாசல்:
அதுவும் அனுமதி கேட்காம எடுத்த போட்டோ! ஏழைக் குழந்தை பக்கத்துல மிஷனெரி சிரிக்கிற மாதிரி ஒண்ணு. படத்துல இருக்கிறவங்க அந்தக் கடிதத்தைப் படிச்சா என்ன நினைப்பாங்கன்னு கேட்டுட்டு அனுப்பணும்.

மாரநாதா:
1910-ல எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டுல நம்ம தமிழ் ஊழியர் வேதநாயகம் அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, தியாகமெல்லாம் பண்ணீங்க, எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கன்னு கேட்டார். அன்னைக்குக் கேட்டது நாம. இப்ப நாம போய் இறங்குற இடத்துல அதே கேள்வி நம்மைப் பார்த்து வருது.

நிழல்மரம்:
மனைவி அழுறாங்கன்னு ஒரே வரியில சொல்லிட்டீங்க, இங்கேயும் ஒருத்தரும் கண்டுக்கல. மொழி ஆசிரியர் நேரத்தை ரெண்டு பேருக்கும் சமமாப் பிரிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் கணவனுக்கு வகுப்பு, மனைவிக்கு அடுப்படின்னு போயிடும், ஆறு மாசத்துல அவங்க ஊமை மாதிரி ஆயிடுவாங்க. வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு. இந்த சபையைச் சேராத ஒரு மூத்த சகோதரியோட அவங்க தனியாப் பேச வழி பண்ணுங்க. இன்னொண்ணும் சொல்லணும். தாழ்மைக்கும் எல்லை இருக்கு. நாற்காலி அடுக்கச் சொன்னா அடுக்கலாம். பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வைக்கிறது, ஒத்துக்கிட்ட செலவுப்படியை நிறுத்துறது, வீட்டாரோட பேசத் தடை போடுறது, இதுல ஒண்ணு நடந்தாலும் அனுப்பினவங்களுக்கு உடனே எழுதுங்க. அதைப் பொறுத்துப்போகச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க.

கடுகுவிதை:
நன்றி அக்கா. பாஸ்போர்ட் எங்ககிட்டதான் இருக்கு. படியும் வருது. மத ஊழியர் விசாதான். அந்த இன்னொரு சபையில ஏற்கனவே ரெண்டு ஞாயிறு பேசியாச்சு, அவங்க காணிக்கையும் கொடுத்தாங்க. அது ஏதும் பிரச்சனையா?

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் முதல் பதிவுலேயே சொல்லியிருக்கணும்! ஆமா, பிரச்சனைதான். மத ஊழியர் விசா பெரும்பாலும் ஸ்பான்சர் பண்ணின சபையோட கட்டப்பட்டது. அமெரிக்காவோட மத ஊழியர் விசாவான ஆர்-1-ல, புது சபை குடியேற்றத் துறைக்குத் தனியா ஐ-129ங்கிற மனு போட்டு, அனுமதி வந்த பிறகுதான் அங்க ஊழியம் தொடங்கலாம். பிரிட்டனில் புது ஸ்பான்சரோட சான்றிதழ் இல்லாம மாற முடியாது. உங்க நாட்டு விதி எதுவானாலும் இப்போதைக்கு அங்க பேசுறதை நிறுத்துங்க. அந்தக் காணிக்கை விவரத்தையும் மறைக்காம அனுப்பினவங்ககிட்டச் சொல்லி, குடியேற்ற வழக்கறிஞர்கிட்டக் கேட்கச் சொல்லுங்க. போதகர் ஏன் "பார்க்கலாம்"ங்கிறார்னு இப்ப எனக்குப் புரியுது. வேற இடத்துல ஊழியம் செய்றவருக்கு, "எங்க சபையில முழுநேரம்"னு அவர் எப்படி எழுதிக் கொடுப்பார்?

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கூட்டத்துல பிடிக்காதீங்க. வாரநாள்ல நேரம் கேட்டு, ரெண்டு பேருமா நேர்ல போங்க. ரெண்டு ஞாயிறு விஷயத்தை நீங்களே முதல்ல சொல்லுங்க, அவர் கேட்கிறவரை காத்திருக்க வேண்டாம். கடித வரைவை நீங்களே தயார் பண்ணி, அச்செடுத்துக் கையில கொடுங்க. பாஸ்போர்ட்ல உள்ளபடியே பேர், எண், ஊழியம் தொடங்கின தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், செலவு யார் பொறுப்பு, தங்குற இடம், இவ்வளவும் இருக்கணும். வேலை விவரத்துல "பிரசங்கியார்"னு போடாதீங்க. நாற்காலி, சிறுவர் வகுப்பு, மொழிப் பயிற்சி, உள்ளதை உள்ளபடி எழுதுங்க. அதிகாரி நேர்ல விசாரிச்சா கடிதமும் போதகர் சொல்றதும் ஒத்துப் போகணும். சிறுவர் வகுப்புக்குக் காவல்துறைச் சான்று தேவைப்படுதான்னும் கேளுங்க, பல நாட்டுல அது கட்டாயம்.

பல சபையில கையெழுத்து போதகர் ஒருத்தர் கையில மட்டும் இருக்காது, கமிட்டித் தீர்மானமும் வேணும். அடுத்த கமிட்டி என்னைக்குன்னு கேட்டுக்கோங்க, மூணு வாரத்துக்குள்ள வரலைன்னா அவசரக் கூட்டம் வைக்க முடியுமான்னு கேளுங்க. விசா முடியுற தேதிக்கு முன்னாலயே விண்ணப்பம் போயாகணும், ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க. முடியலைன்னா தேதிக்கு முன்னால நாட்டை விட்டு வெளியேறி, அங்கிருந்து மறுபடி விண்ணப்பிக்கிறதுதான் வழி. கூடுதலா ஒரு நாள் தங்கினாலும் அடுத்த விசாவுக்கு அதைச் சொல்லியே ஆகணும்.

இன்னும் நாட்டோட பேரைச் சொல்லல தம்பி.