அம்மாவும் செவலையும்: கேமராவைத் தூக்கியதும் இருவரும் மாறிவிடுகிறார்கள்

தொழுவத்து மகள்:
எங்கள் ஊர் சின்னமனூர்ப் பக்கம். செவலைப் பசு கறவை நின்று இரண்டு வருடமாகிறது. தரகர் வந்து விலை கேட்கும்போதெல்லாம் அம்மா மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். சாயங்காலம் கழுநீர் காட்டியபின் அலைதாடியைத் தடவிக்கொண்டே உண்ணி பிடுங்குவாள். செவலை கண்ணைப் பாதி மூடி, கழுத்தின் கனத்தையெல்லாம் அம்மாவின் தோளில் சாய்த்துக்கொள்ளும். அதை எடுக்கத்தான் இரண்டு மாதமாகப் போராடுகிறேன். கேமராவைத் தூக்கினால் அம்மா முந்தானையைச் சரிசெய்து நேராக நிற்கிறாள்; செவலை என்னையே பார்க்கிறது. வாசலில் நின்று 200 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். கூர்மையாகத்தான் வந்தது, ஆனால் ஒளிந்திருந்து பார்த்தது போல இருக்கிறது. மனிதரையும் விலங்கையும் சேர்த்து எடுப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மூடுபனி:
முதலில் அந்த லென்ஸைக் கழற்றி வையுங்கள். புகைப்படக் கலைஞர் நிக் பிராண்ட் கிழக்கு ஆப்பிரிக்காவில் யானையையும் சிங்கத்தையும், தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் இல்லாமல்தான் எடுத்தார். பக்கத்தில் போக விலங்கு சம்மதிக்கும் வரை காத்திருப்பது அவர் வழக்கம். 2020இல் ஜிம்பாப்வேயிலும் கென்யாவிலும் 'தி டே மே பிரேக்' என்ற புகைப்பட வரிசையைத் தொடங்கினார். வறட்சியிலும் வெள்ளத்திலும் வாழ்வை இழந்தவர்களும், மீட்கப்பட்டுக் காப்பகத்தில் வளரும் விலங்குகளும் ஒரே படச்சட்டத்தில் இருக்கிறார்கள். பலர் ஒட்டுவேலை என்று நினைக்கிறார்கள். இல்லை, ஒரே நேரத்தில் எடுத்தவை. அந்த விலங்குகள் இனிக் காட்டுக்குத் திரும்ப முடியாதவை, மனிதர்களுக்குப் பழகியவை. பனிமூட்டம் மட்டும் இயந்திரத்தால் உண்டாக்கியது. படத் தலைப்பில் மனிதர் பெயரோடு விலங்கின் பெயரும் இருக்கும். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

கல்தூண்:
பெயர் முக்கியம் என்பதை நானும் ஏற்கிறேன். கிரிகோரி கோல்பர்ட் என்ற கலைஞரின் 'ஆஷஸ் அண்ட் ஸ்னோ' புகைப்படங்களை ஒரு காலத்தில் கொண்டாடியவன் நான். யானைக்கு முன் அமர்ந்து புத்தகம் வாசிக்கும் சிறுவன், கையால் செய்த ஜப்பானியக் காகிதத்தில் பழுப்பு நிறத்தில்! 2005இல் நியூயார்க்கில் கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய கூடத்தில் அவற்றை வைத்தார்கள். ஒரு படத்துக்கும் குறிப்பு கிடையாது. அந்த யானை யாருடையது, அன்று காலை எங்கே கட்டிக்கிடந்தது என்ற கேள்வி வந்தபிறகு என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. உங்கள் செவலைக்குக் கயிறு இருந்தால் கயிறும் படத்தில் இருக்கட்டும்.

மாயாறு:
முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதையை 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படமாக எடுக்க இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் ஐந்து ஆண்டுகள் செலவிட்டார். 2023இல் ஆஸ்கர் வாங்கிய அந்தப் படம் நாற்பது நிமிடம் போலத்தான் ஓடும். ரகுவை வேறொருவர் பொறுப்பில் விட்டபின் அவர்கள் படும் துயரம் நமக்குள் இறங்குவதற்கு, அதற்கு முன் பார்த்த குளியலும் சோற்று உருண்டையும்தான் காரணம். நீங்கள் இரண்டு மாதத்தைப் போராட்டம் என்கிறீர்கள். ஒரு வாரம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாணி அள்ளுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

தொழுவத்து மகள்:
மூவருக்கும் நன்றி. எட்டு நாள் சாணி அள்ளினேன், தவிடு கலக்கினேன். ஐந்தாம் நாளே செவலை என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டது. அம்மாவுக்குத்தான் எட்டு நாள் ஆயிற்று. நேற்று தரையில் குந்தி, 35 மி.மீ. லென்ஸில், கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தேன். மூக்கணாங்கயிறு குறுக்கே ஓடுகிறது. அம்மாவின் முகம் பாதிதான் தெரிகிறது. தோளில் செவலையின் எச்சில் பட்டு ரவிக்கை கறுத்திருக்கிறது. இரவு அம்மாவிடம் காட்டினேன். படத்தைக் கிட்டே வைத்துக் கூர்ந்து பார்த்தவள், காதுக்குள் இன்னும் ஒரு உண்ணி இருக்கிறதே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள்.